மயில் உண்டியலின் பூர்வீகம்

“வேதத்துக்குப் போயி கிறிஸ்தவங்களான குடும்பம்னு நான் பேதம் பாக்கல தம்பி. உங்க பூர்வீகம் எதுன்னு தெரியணும். அப்புறம் பொண்ணு குடுக்கறேன்” என்று சொல்லிவிட்டார் எல்லப்பன்.

அவர் மகள் தனபாக்கியத்தின் மேல் உயிராக இருந்த யோபுவுக்கு, சொந்தம் என்று சொல்ல யாருமில்லை. கொள்ளுத்தாத்தா வழியில் வந்த மயில் வடிவப் பித்தளை உண்டியல் ஒன்றுதான் இருந்தது. ரயில்வேயில் லீவு போட்டுவிட்டு, அதைச் சுமந்துகொண்டு பாத்திரக்காரர்களிடம் அலைந்தான். கடைசியில் பள்ளிப்பட்டில் ஒரு கிழவர் அதைத் தடவிப் பார்த்தார்.

“எங்க நைனா வார்த்ததுங்க இது. திருத்தணி மேட்டுத் தெருவுல ஒரு வீட்டுக்கு.”

மேட்டுத் தெருதான் எல்லப்பனின் தெரு. இனி என்ன தடை என்று யோபு அடுத்த பஸ்ஸிலேயே ஓடி வந்தான்.

உண்டியலைப் பார்த்த எல்லப்பன் உள்ளே போனார். அதே அச்சில் வார்த்த இன்னொரு மயிலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

“எங்க தாத்தாவும் அவரு அண்ணனும் பாகம் பிரிச்சப்ப ஆளுக்கொண்ணு எடுத்துக்கினாங்க. அண்ணன் வேதத்துக்குப் போனதோட தொடர்பு அத்துப்போச்சு.” யோபுவைக் கட்டிக்கொண்டு அழுதார். “நம்ம ரத்தம்டா நீ.”

யோபுவுக்கு இல்லையென்று மறுக்க வழியில்லை. சாட்சியைத் தூக்கி வந்தவனே அவன்தான்.

“தனம், உங்க அண்ணனுக்கு இல போடு.”

தனபாக்கியம் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். தலை நிமிராமலே, “குந்துங்கண்ணா” என்றாள்.