பன்னிரண்டாம் வீட்டுத் தண்ணீர்

"ஆறு மாசமா பூட்டிக் கிடக்கிற வீடு. ஒரு மாசமா தினமும் மத்தியானம் மூணு மணிக்கு இருநூறு லிட்டர் தண்ணி ஓடியிருக்கு. சாவி உன்கிட்டதானே இருக்கு?"

குடியிருப்புச் செயலாளர் தண்ணீர்க் கணக்கு லிஸ்ட்டை நீட்டிக் கேட்டதும் காவலாளி தலைகுனிந்தார். "அந்தக் கதவைத் தொட்டதே இல்லைங்க."

"எங்க வீட்டுக் கணக்கு பூஜ்ஜியம். என் மனைவி அவ்வளவு சிக்கனம். நீ உள்ளே குளியல் போடுறியா? நாளையிலேர்ந்து வராதே."

"தண்ணி மீட்டர் மெக்கானிக்கை ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்க சார்."

அன்றைக்கே மூன்று மணிக்கு மெக்கானிக் லேப்டாப்புடன் வந்தார். "எல்லா வீட்டு மீட்டருக்கும் ஒரே ஒயர்தான். கம்ப்யூட்டர் நம்பர் சொல்லிக் கூப்பிடும். அந்த நம்பர் மீட்டர் மட்டும் பதில் சொல்லும்."

பன்னிரண்டாம் வீட்டைத் திறந்தார்கள். குழாயில் ஒட்டடை. கரண்ட் மெயின் சுவிட்சை அணைத்திருந்ததால் தண்ணீர் மீட்டரும் செத்துக் கிடந்தது.

"அப்போ பன்னிரண்டுன்னு பதில் சொல்றது யாரு?" செயலாளர் காவலாளியையே முறைத்தார்.

மெக்கானிக் வீடு வீடாக ஒயரைக் கழற்றி மாட்டினார். மேல்மாடியில் ஒரு வாசலில் கழற்றியதும் லேப்டாப்பில் பன்னிரண்டு ஊமையானது.

"இது நாங்க போட்ட மீட்டர் இல்லை. கடையிலேர்ந்தே பன்னிரண்டுன்னு வந்திருக்கு. மாட்டின புண்ணியவான் நம்பரை மாத்தவே இல்லை. அதான் இந்த வீட்டு நம்பருக்குப் பதில் வராம பூஜ்ஜியம்னு பதிவாகுது."

அது செயலாளர் வீடு. அந்த மீட்டரைப் போன மாதம் அவர்தான் தன் கையாலேயே மாட்டியிருந்தார்.

கதவு திறந்தது. ஈரத்துணி வாளியுடன் அவர் மனைவி.

"என்னங்க இவ்வளவு பேரு? லிஸ்ட்ல நமக்குப் பூஜ்ஜியம்தானே வருதுன்னு தினமும் போர்வை, திரைச்சீலை எல்லாம் துவைச்சிடுறேன்."

காவலாளி தொண்டையைச் செருமினார். "சார், நாளைக்கு வரட்டுங்களா?"