சோதனை அழைப்பு

வீடியோ காலில் மகளின் முகம் பாதிச் சிரிப்போடு உறைந்துபோகிறதே என்று பெரியவர் தானே லேப்டாப்பைத் திறந்து புது ரேம் மாட்டினார். பேட்டரியைக் கழற்ற மறந்ததால் ஷார்ட் ஆகி, உள்ளதும் போயிற்று. இப்போது கடையில், மெக்கானிக்கின் பூதக்கண்ணாடிக்குக் கீழே மதர்போர்டு மல்லாந்து கிடக்கிறது. சால்டரிங் முனை தொட்டதும் புகை இழையாக எழுந்து வெயிலில் நெளிகிறது. கருகிய கடுகளவுத் துண்டு பெயர்ந்து, அந்த இடத்தில் புதியது உட்காருகிறது. மூடி மாட்டிப் பொத்தானை அழுத்தியதும் விசிறி முனகுகிறது, திரை ஒளிர்கிறது. “மைக், கேமரா செக் பண்ண யாருக்காவது கால் போட்டுப் பாருங்க சார்” என்கிறார் மெக்கானிக். பெரியவர் மகளுக்குப் போடுகிறார். மணி அடித்து அடித்து ஓய்கிறது. அடுத்து யாருக்கென்று விரல் அந்தரத்தில் நிற்கிறது. “உங்க நம்பரச் சொல்லுங்க தம்பி.” மேசைக்கு அந்தப் பக்கம் போன் அடிக்கிறது, மெக்கானிக்கின் முகம் திரையில் தெளிவாக விரிகிறது. பெரியவர் காலரைச் சரிசெய்துகொண்டு, திரையைப் பார்த்தே கேட்கிறார்: “சாப்டீங்களா?”