வீட்டோடு மாப்பிள்ளையின் வாரிசுகள்

மகளின் தோளுக்குப் பின்னால் நின்று, தன் குடும்பத்துக்கு விழுகிற திட்டுகளை நஞ்சப்பன் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

மௌனிகா வேகவைத்த கடலையை உரித்துத் தின்றபடி போனைத் தள்ளிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

காலையில் அவள்தான் அதைக் கூட்டத்தாரின் ஃபேஸ்புக் குழுவில் எழுதினாள். வேலந்தாவளம் முதல் காங்கேயம் வரை, ஒரே குலசாமியைக் கும்பிடுகிற பங்காளிகள் அத்தனை பேரும் இருக்கிற குழு.

குடும்ப வரலாறாம்.

நஞ்சப்பனுடைய தாத்தாவின் அப்பா, ஆண்பிள்ளை இல்லாத வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். வேறு கூட்டத்துக்காரர். மாமனாரின் தோட்டத்தை வாங்கிக்கொண்டவர், கையோடு மாமனாரின் கூட்டத்தையும் சாமியையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்.

இதை அவளுக்குச் சொன்னதே நஞ்சப்பன்தான். போன மாதம் கள்ளுஷாப்பிலிருந்து நல்ல மனநிலையில் வந்து, ஊரில் வேறு எவனுக்கும் தெரியாத சங்கதி என்ற பெருமையோடு சொன்னார்.

இப்போது குவைத்தில் இருப்பவனுக்கும் தெரியும்.

சிங்கப் படம் வைத்திருந்த ஒருவன், சொத்துக்காகச் சாமியை மாற்றிய வம்சம் என்று எழுதியிருந்தான். வாளையாறு தாண்டிக் கேரளாவுக்குப் போனவர்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அவருடைய சொந்தத் தங்கையே அதே கேரளப் பக்கத்து எருத்தேன்பதியில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அதை யாரும் நினைவூட்டவில்லை. ஓர் அம்மாள், கைகூப்பும் படத்தோடு, நல்லா இருங்க என்று சபித்திருந்தாள்.

அடுக்களையில் அவள் அம்மா ராசம்மாள் பாத்திரங்களை வைக்கவில்லை, போட்டாள். பொள்ளாச்சி வரன் மதியமே ஜாதகத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டது. வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் மூக்கு சரியில்லை, பேச்சு சரியில்லை என்று தட்டிக்கழித்த மகளுக்கு, இனி வருவதற்கே ஆளில்லை என்பது ராசம்மாளின் கணக்கு.

நஞ்சப்பனின் கணக்கும் அதுவேதான்.

"அதை அழிச்சுப்போடு அம்மிணி. உன்ற கல்யாணமே நின்னுபோகும்."

"இன்னும் ஒருத்தரு பேசுலீங்கப்பா."

அந்த ஒருத்தர் யாரென்று நஞ்சப்பன் கேட்கவில்லை. குலசாமி கோயில் கமிட்டித் தலைவர் ஆனந்தகுமார்தான். கொழிஞ்சாம்பாறையில் உரக்கடை. எந்த வீட்டு விசேஷமானாலும் முறை பார்த்துப் பந்தியில் உட்காரவைக்கிற ஆள். காலையிலிருந்து அவர் வாயைத் திறக்கவில்லை என்றால் உடம்புக்கு முடியவில்லை என்றுதான் அர்த்தம்.

உடம்பு நன்றாகத்தான் இருந்தது. எழுதி முடிக்க நேரம் பிடித்திருக்கிறது.

கமிட்டித் தலைவர் என்ற முறையில் அவர் அறிவித்திருந்தார்: நஞ்சப்பன் குடும்பம் நமக்குப் பங்காளி இல்லை. இனி அவர்களிடம் கோயில் வரி வாங்குவதில்லை. நம் கூட்டத்துப் பெண்ணைக் கட்டியவர் வழி வந்தவர்கள். ஆகவே நமக்கு மாமன் மச்சான், அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதானுக்குப் பின்னால் ஆச்சரியக்குறிகளை வேலிக்கல் மாதிரி நட்டிருந்தார்.

நஞ்சப்பன் கையால் துழாவி நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். குலசாமி கோயில் ஆடித் திருவிழாவில் பூசாரி தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு விபூதி தருகிற காட்சி ஒரு நொடி கண்ணுக்குள் வந்து போயிற்று.

மௌனிகா விரலில் ஒட்டியிருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டு, தலைவர் எழுதியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்தாள். வாட்ஸ்அப்பில் யாருக்கோ அனுப்பினாள்.

நஞ்சப்பன் எட்டிப் பார்த்தார். எட்டிப் பார்க்காமல் இருப்பது அந்தக் குடும்பத்தில் யாருக்கும் பழக்கமில்லை.

கௌசிக்.

ஆனந்தகுமாரின் மூத்த மகன்.

மூன்று வருடம் முன்பு, பங்காளி வீட்டுப் பெண் தங்கை முறை, வெளியே தெரிந்தால் நாறிப்போகும் என்று ஆனந்தகுமார் அவனை ராத்திரியோடு ராத்திரியாகக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார். நஞ்சப்பன் இங்கே மகளின் போனைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டினார். இரண்டு அப்பன்களும் ஊருக்குத் தெரியாமல் பேசி முடித்த விஷயம்.

மௌனிகா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அவிங்க அப்பாவே எழுதிட்டாருங்க. இனி அவரு எனக்கு அண்ணன் முறை இல்லீங்களே?"

நஞ்சப்பன் போனை நிமிர்த்திக் குழுவைத் திறந்தார். அதற்குள் தலைவரின் தீர்ப்புக்குக் கூட்டம் மொத்தமும் வந்து லைக் போட ஆரம்பித்திருந்தது.