நிறைத்துவிட்டுப் போகிறவர்கள்

குற்றாலிங்கத்தின் வீடு ஒரு காலத்தில் ராமேஸ்வரம் போகிறவர்கள் தங்கிய சத்திரம். எட்டு அறைகளில் ஆறு இடிந்துபோயின. முற்றத்துக் கிணறும், அதையொட்டிய கல்தொட்டியும், சத்திரத்து வழக்கமும் மட்டும் அப்படியே இருந்தன. புறப்படுகிறவர் தொட்டியை நிறைத்துவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். அடுத்து வருகிறவர் கால் கழுவுவதற்கு அந்தத் தண்ணீர். சந்தைக்குப் போவதென்றாலும் குற்றாலிங்கத்தின் மனைவி செண்பகவல்லி நான்கு குடம் இறைத்து ஊற்றிவிட்டே போவாள்.

வயிற்றுவலியில் துடித்த அவளை வேனில் ஏற்றிய அன்று தொட்டி காய்ந்து கிடந்தது. பாதி மயக்கத்திலும் "தொட்டி, தொட்டி" என்றாள்.

"உசுரு ஊசலாடுது, இப்பம் தொட்டிதான் கேடா?" என்று அதட்டினார்.

அறுவை சிகிச்சை முடிந்து, பதினேழாம் நாள் தன் காலாலேயே நடந்து வீடு திரும்பினாள். பூட்டை அவர்தான் திறந்தார். இத்தனை நாளும் சாவி அவர் மடியைவிட்டு நகரவில்லை. ஊரில் மழையும் இல்லை. ஆனால் தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. செம்பை யாரோ கழுவி அதன் ஓரத்தில் கவிழ்த்திருந்தார்கள்.

அவர் இரண்டு அறைகளையும் திறந்து பார்த்தார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் வாளியை எடுத்தார்.

"என்ன செய்யுதிய?"

"யாரோ நெறைச்சிருக்காங்க. நாமளும் ரெண்டு வாளி ஊத்தாண்டாமா?"

"போறவங்கதான் ஊத்தணும். நாம இப்பம் வந்தவங்கல்லா," என்றாள் அவள். "எனக்குக் குனிய முடியல. காலுல ஊத்துங்க."

அவர் வாளியை வைத்துவிட்டுச் செம்பை நிமிர்த்தினார். உச்சி வெயிலிலும் தண்ணீர் அப்போதுதான் இறைத்ததுபோலக் குளிர்ந்திருந்தது.