பதினான்காம் கேள்வி

பேனா பதினான்காம் கேள்விக்கு வந்து நின்றது.

இதே வீடு. எதிரே அதே பேச்சிக்கனி. சுளகு நிறைய மிளகாய் வற்றல், காம்பு கிள்ளுகிற விரல்கள்.

பத்து நாள் முன்பும் அந்த ஆராய்ச்சி மாணவி இங்கே ஆய்வுப் படிவத்தோடு உட்கார்ந்திருந்தாள். 'தங்களுக்குத் தற்கொலை எண்ணம் ஏற்பட்டதுண்டா?' என்று அச்சடித்திருந்ததை அப்படியே வாசித்தாள்.

இல்லை என்றாள் பேச்சிக்கனி.

எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். இருநூற்றாறு வீடு. பேருக்குக்கூட ஒரு 'ஆம்' இல்லை. சிலர் கேள்வி முடியும் முன்பே எழுந்துவிட்டார்கள். அந்த வார்த்தை காதில் விழுந்ததுமே போலீஸ் ஜீப் வாசலில் வந்து நின்றது போல ஒரு பயம்.

ஆக, ஊர் சௌக்கியம்.

போன வருஷம் இதே ஊரிலிருந்து தற்கொலைக்கு முயன்ற ஒன்பது பேரை அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். நான்கு பேர் திரும்பவில்லை.

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. கேள்வியை எழுதிய பேராசிரியர் பெரிய படிப்புப் படித்தவர். இந்த ஊர் டவுன் பஸ்ஸில்தான் ஏறியதில்லை.

ஏறியிருந்தால் கேட்டிருப்பார். மாணவி போன பஸ் நெரிசலில் ஒருத்தி சலித்துக்கொண்டு ஒன்று சொன்னாள். பக்கத்தில் நின்றவள் எனக்கும் அப்படித்தான் என்றாள். யாருமே திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு சாதாரணமான வார்த்தைகள்.

அதை டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டு பேராசிரியரிடம் சண்டைக்குப் போனாள்.

அவர் அரை மனதாக இறங்கி வந்தார். ஏற்கெனவே கேட்ட தெரு ஒன்றில் புதுக் கேள்வி. ஒரே நாள். பதில் மாறாவிட்டால் பழைய கேள்விதான் மாவட்டம் முழுக்கப் போகும்.

இது முதல் வீடு.

அவள் படிவத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அக்கா, பேசாம கண்ண மூடிட்டாத் தேவலன்னு எப்பவாச்சும் தோணிருக்கா?"

விரல்கள் நின்றன.

தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டு போனார். அவர் முக்குத் திரும்பியதும் பேச்சிக்கனி சுளகைத் தள்ளி வைத்தாள்.

"இன்னைக்குக் காலைலகூடத் தோணுச்சு தாயி."

மாணவிக்குள் ஒரு துள்ளல்.

உடனே வெட்கமாக இருந்தது. ஒருத்தி சாகத் தோன்றியது என்கிறாள், கேட்டவளுக்குச் சந்தோஷமா?

சந்தோஷம்தான். வாய் திறந்துவிட்டாளே. இனி இவளை விடுவதாக இல்லை.

படிவத்தை மூடிப் பைக்குள் போட்டாள். பேச்சிக்கனி பேசினாள், அழுதாள், மறுபடி பேசினாள். அவள் ஒரு வார்த்தை எழுதவில்லை. பிறகு ஆஸ்பத்திரி மனநல டாக்டருக்குப் போன் போட்டாள். இப்போதே கூட்டி வாருங்கள் என்றார் அவர்.

இருவரும் ஆட்டோவில் போனார்கள்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது மத்தியானம். கொஞ்ச நாள் கூடவே இருப்பதற்குப் பேச்சிக்கனியின் தங்கச்சி பஸ் ஏறிவிட்டதாகப் போன் வந்திருந்தது. எதிர்க் கடையில் பேச்சிக்கனி டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தாள். திடீரென்று கேட்டாள்.

"மேலத்தெருவுலயும் நீ பழைய கேள்வியத்தான கேட்ட?"

அவள் தலையாட்டினாள்.

"வெளங்கும். அதக் கேட்டா யாரு சொல்லுவா? அங்க ரெண்டு வீட்டுக்கு நீ போயே ஆகணும். நாளைக்கு வெள்ளென வா. நானும் கூட வாரேன்."

எப்போது வரட்டும் என்று அவள் மறுபடியும் கேட்டாள். முதல் தடவையே நன்றாகத்தான் காதில் விழுந்திருந்தது; அந்த வார்த்தையைப் பேச்சிக்கனி வாயால் இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது.

"நாளைக்குன்னு சொல்லுதேன்ல!"