சர்வர் பழுது

அன்று ஈவாஞ்சலின் சொன்ன காரணத்தைச் செல்வதுரை ஏழு வருடமாக நம்பவில்லை.

தூத்துக்குடி துறைமுகத்தில் எந்த கன்டெய்னர் எந்தக் கப்பலில் ஏற வேண்டும் என்று சொல்லும் மென்பொருளை எழுதுகிற சின்ன ஆபீஸ் அது. செல்வதுரை உட்பட ஆளுக்கொரு பகுதியை எழுதி அனுப்பினால், சர்வர் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். சர்வருக்குப் பொறுப்பு, நாசரேத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஈவாஞ்சலின்.

அன்றைக்கு நாலு மணிக்குள் ஒரு திருத்தம் போயாக வேண்டும். இல்லையென்றால் கப்பல் பாதி கன்டெய்னர்களை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும். ஆனால் யார் எதை அனுப்பினாலும் சர்வர் திருப்பி அடித்தது.

'சர்வர் பழுது. பிறகு முயலவும்.'

"என்ன பழுதுன்னு சொல்லித் தொலைய வேண்டாமா? ரேஷன் கடைக்காரன் மாதிரி 'அப்புறம் வா'ங்குது!" செல்வதுரை மேசையைத் தட்டினார்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி. சர்வர்தான் பழுது, பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"காலையிலேருந்து இதையேதான் சொல்லுத. வாங்கி ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள எப்படி பழுதாகும்? நீ எதையோ நோண்டிட்டு மறைக்கப் பாக்குத!"

"உப்புக்காத்து பட்டிருக்கும் அண்ணாச்சி. கப்பலே துருப்பிடிக்குது, சர்வர் எம்மாத்திரம்?" என்றான் அடுத்த மேசை அனிஷ்.

"ஏலே, உன்னைய கேட்டனா?"

மூன்று மணிக்கு முதலாளி பவுல் வந்து நின்றார்.

"யாரால வேலை நிக்குதோ, அந்த ஆளு இன்னையோட வீட்டுக்குப் போலாம்."

"அப்படிச் சொல்லுங்க முதலாளி! யாருன்னு தெரியாம விடக்கூடாது" என்றார் செல்வதுரை.

ஈவாஞ்சலின் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சர்வர் என் பொறுப்பு சார். தப்பு என்னுதுதான்."

மூன்றரைக்கு சர்வர் சரியானது. திருத்தம் போனது. கப்பலும் முழுச் சரக்கோடு போனது. மறுநாள் ஈவாஞ்சலின் நாற்காலி காலி.

"நான் அப்பவே சொன்னேம்லா?" என்றார் செல்வதுரை.

ஏழு வருடம் கழித்து, போன வாரம் அந்த சர்வரைக் கழற்றிப் போடும் வேலை அவரிடமே வந்தது. அவள் எதை நோண்டினாள் என்று இப்போதாவது பிடித்துவிட, யார் எப்போது என்ன செய்தார்கள் என்று சர்வர் குறித்துவைத்திருந்த அன்றைய பதிவுகளைத் திறந்தார்.

காலை 9.40. 'உங்களிடம் இருப்பது பழைய பிரதி. புதியதை எடுத்தபின் அனுப்பவும்' என்று ஒருவரிடம் சர்வர் தெளிவாகவே சொல்லியிருந்தது. 9.41க்கு அந்த ஆள் அதை மீறி, பழைய பிரதியைக் கட்டாயமாக மேலே ஏற்றியிருந்தார். மற்றவர்களின் இரண்டு நாள் உழைப்பு மொத்தமும் அழிந்துபோயிருந்தது.

9.50க்கு ஈவாஞ்சலின் எல்லோரையும் வெளியே நிறுத்திவிட்டு, அழிந்ததை ஒவ்வொன்றாக மீட்கத் தொடங்கியிருக்கிறாள். 'சர்வர் பழுது' என்ற அறிவிப்பு அவளே எழுதி வைத்தது.

ஏற்றிய ஆளின் பெயரும் அங்கே இருந்தது. செல்வதுரை அதை மூன்று முறை படித்தார். பிறகு யார் யாரிடமோ கேட்டு, பெங்களூரில் இருக்கும் அவள் நம்பரை வாங்கினார்.

"அண்ணாச்சியா! சொல்லுங்க, நல்லாருக்கீங்களா?"

எவ்வளவோ பேச நினைத்திருந்தார். கேட்டது ஒன்றுதான்.

"ஏம்மா... 'சர்வர் பழுது'ன்னு எழுதுன இடத்துல அன்னைக்கே 'செல்வதுரை'ன்னு எழுதியிருந்தா உன் வேலை போயிருக்காதே, ஏன் எழுதல?"