உடும்புப்பிடி

"எனக்குக் கை தளர்ந்துபோச்சுங்க. அந்தச் சின்னப் பிடி ஸ்டேப்ளர் இல்லாம இனிமே என்னால ஆபரேஷன் பண்ண முடியாது."

பெரிய டாக்டர் இப்படிச் சொன்னதும் பர்ச்சேஸ் கமிட்டி கூட்டத்தில் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆபரேஷன் தியேட்டர் ஆட்கள் முதுகுக்குப் பின்னால் 'உடும்பு' என்று கூப்பிடும் ஆள் அவர். அப்பேர்ப்பட்ட பிடி.

"அதுக்கென்ன சார், உடனே வாங்கிடலாம்" என்றார் நிர்வாகி. கையோடு கையெழுத்தும் போட்டுவிட்டார்.

மேஜைக் கோடியில் உட்கார்ந்திருந்த சின்ன டாக்டருக்கு வயிறு எரிந்தது.

இதே ஸ்டேப்ளரை அவளும் கேட்டவள்தான். குடலை வெட்டி இணைக்கிற கருவி அது. இப்போது இருப்பதன் பிடி அவள் கைக்கு அடங்காது. இரண்டு கையாலும் அமுக்கியாக வேண்டும். போன மாதம் பாதி அமுக்கலில் கை நழுவி, நோயாளிக்கு ரத்தம் கொட்டிவிட்டது. அந்த மனிதர் பிழைத்ததே பெரிய விஷயம்.

"ஒருத்தருக்காக எப்படிம்மா வாங்குறது? மத்தவங்களுக்கெல்லாம் இது சரியாத்தானே இருக்கு?" என்று கேட்டவர் இதே நிர்வாகிதான். இன்னொரு தடவை இப்படி ஆனால் குடல் ஆபரேஷனே அவளுக்குக் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் பெரிய டாக்டரிடம் கேட்டேவிட்டாள்.

"நான் கேட்டப்ப அவருக்குக் கசந்துச்சு, நீங்க கேட்டா இனிக்குது. அன்னைக்கு எனக்காக நீங்க ஒரு வார்த்தை பேசலையே சார்?"

"பேசியிருந்தாலும் எடுபட்டிருக்காதும்மா. வயசானவன் கேட்டா இரக்கப்படுவாங்க."

அவ்வளவுதான். நடந்துவிட்டார். சுயநலத்தைக்கூட எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செய்தி கேன்டீன் வரை போயிற்று. "உடும்புக்கே பிடி விட்டுப்போச்சாம்!" நோயாளிகள் வேறு டாக்டர் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவருடைய துறைத் தலைவர் பதவியையும் நிர்வாகி சத்தமில்லாமல் இன்னொருவருக்கு மாற்றிவிட்டார்.

வேண்டும் இவருக்கு என்று அவள் மனசு கொஞ்சம் குளிர்ந்ததும் உண்மை.

புது ஸ்டேப்ளர் வந்து சேர்ந்தது. அன்று காலை அவருடைய ஆபரேஷனில் அவள் உதவிக்கு நின்றாள். நர்ஸ் புது ஸ்டேப்ளர் இருந்த உறையை எடுத்தார்.

"அதைப் பிரிக்காதீங்க சிஸ்டர். பழசையே கொடுங்க."

வாங்கினார். ஒரே கை, ஒரே அமுக்கு. 'கடக்' என்று சத்தம் கேட்டது. விரல் துளி நடுங்கவில்லை.

அவள் பிரிக்காத உறையைத் திரும்பிப் பார்த்தாள்.

"சார்... அந்தப் புதுசு உங்களுக்குன்னுதானே..."

அவர் நோயாளியிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதுல என் விரலே நுழையாதும்மா. அடுத்த கேஸ் உன்னோடதுதானே, நீ எடுத்துக்கோ."